ஒரே பாக்கெட்டில் இரண்டு பேர்

ஓடும் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் நிலக்கரியை ஷவலால் வாரி மறுபடி பெல்ட்டின் மேலே எறிய வேண்டும். அதுதான் வேலை. மழை பெய்தால் அது களிமண்ணோடு சேர்ந்து காலைக் கவ்விக்கொள்ளும். சுரங்கத்தின் அந்தப் பகுதியில் ஐந்து பேர். பெல்ட்டைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களான ஸ்டாண்டுகளை எண்ணித்தான் பங்கு; ஆளுக்கு இருபது ஸ்டாண்டு நீளம். ஐவருமே காண்ட்ராக்ட்.

தங்கராசுவின் வலது தோள் போய் எட்டு மாதமாகிறது. கை மார்புக்கு மேல் எழாது. வெளியே தெரிந்தால் உடம்பு சரியில்லை என்று நிறுத்திவிடுவார்கள். பர்மனென்ட் லிஸ்ட்டில் இந்த வருடம் அவர் பெயர் வந்துவிடும் என்று யூனியனில் சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு வருடக் காத்திருப்பு. அதுவரை அவரை எப்படியாவது உள்ளே வைத்திருக்க வேண்டும் என்று யாரும் கூடிப் பேசவில்லை. ஐவரில் ஒருத்தியான, பக்கத்து இருபதுக்காரி அகிலா ஒரு நாள் தன் இருபதை முடித்துவிட்டு அவருடைய இருபதிலும் இறங்கி வாரினாள். மறுநாளும் இறங்கினாள். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் ஐவரில் இன்னொருவனான விஜயராஜ் தூரத்திலிருந்து இருமுவான். தங்கராசு ஷவலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

ஆடி மாதத்தில் அந்த இயந்திரம் வந்தது. பெல்ட்டுக்கு அடியில் நுழைகிற அளவுக்குத் தாழ்வான உடம்பு, முன்னால் வாரி எறிய ஒரு கை. கம்பெனி ஆட்கள் நான்கு பேர் சுற்றி நின்று அதைக் கழுவித் துடைத்தார்கள்.

"மாப்ள வந்துட்டாரு, ஆரத்தி எடுங்கக்கா" என்றான் விஜயராஜ்.

"சீர் என்னாடா கேக்குறாரு?" என்றாள் அகிலா.

"நம்ம அஞ்சு பேத்துல ஒரு ஆளு."

அவன் சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் இன்ஜினியர் சிவக்குமாரும் அதையேதான் சொன்னார். இயந்திரம் இருபது ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும். எந்த இருபது என்று முடிவெடுக்க, ஒரு மாதம் எல்லோருடைய நடமாட்டத்தையும் கம்ப்யூட்டர் கவனிக்கும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதற்குக் காட்ட, ஆளுக்கொரு கறுப்பு வில்லை கொடுத்தார்கள்.

அன்றைக்கே அகிலா தங்கராசுவிடம் கை நீட்டினாள். "உங்க வில்லைய குடுங்கண்ணே. நீங்க உக்காந்துகினு இருந்தா அது போயி சொல்லிப்புடும்."

தன்னுடையதோடு சேர்த்து அதையும் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் இரண்டு வில்லைகளையும் சுமந்துகொண்டு நாற்பது ஸ்டாண்டும் வாரினாள்.

முடிவு சொல்ல ஐந்து பேரையும் கன்டெய்னர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சிவக்குமார் திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று புள்ளிகள் தனித்தனியே ஊர்ந்தன. இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே போயின.

"தனியா வேலை செய்யறவங்களை எடுத்தா அந்த இடம் காலியாயிடும். இங்க ரெண்டு பேர் எப்பவும் சேர்ந்தே இருக்கீங்க. ஒருத்தரை எடுத்தாலும் இன்னொருத்தர் இருப்பாருன்னு ரிப்போர்ட் சொல்லுது." அவர் அகிலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேர்ல சர்வீஸ் கம்மி உங்களுக்குத்தாங்க்கா. இந்த வாரத்தோட கேட் பாஸை ஒப்படைச்சிடுங்க."

தங்கராசு, "சார், அது வந்து..." என்று தொடங்கினார். அகிலா அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"வுடும்மா. உள்ள போயி உண்மைய சொல்லிப்புடறேன்."

"என்னான்னு? வில்லைய மாத்தி வச்சிகினு ஏமாத்துனோம்னா? அஞ்சு பேரு பாஸையும் புடுங்கிப்பாங்க."

"நான் ஒருத்தன் போறேன்."

"லிஸ்ட்டு வர நேரத்துலயா? அப்ப எட்டு மாசமா நான் வாரிக் கொட்டுனது யாருக்குண்ணே?"

"உனக்குப் பதினோரு வருசம் சர்வீசு ஆச்சேம்மா. வெளிய போயிட்டு வந்தா மொதல்லேர்ந்து எண்ணுவாங்க."

"வந்தாத்தான எண்ணுவாங்க. பண்ருட்டில முந்திரி ஒடைக்கறாங்க. தோலு எண்ணெ பட்டு கை வெந்துபூடும், அவ்ளோதான்."

தங்கராசு ஆபீஸ் கதவுப் பக்கம் ஒரு அடி வைத்து நின்றுகொண்டார். அப்படி நின்றுவிட்டதில் எங்கோ ஒரு மூலையில் நிம்மதி இருந்தது. அதை அவரே பார்த்துவிட்டார். அகிலாவும் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. அவள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, முதல் ஷிப்ட். வில்லையை இப்போது ஹெல்மெட்டோடு வைத்து ஒட்டிவிட்டார்கள். அடுத்தவர் பகுதியில் கால் வைத்தால் பதிவாகிவிடும். அகிலாவின் இருபதில் இயந்திரம் போய் வந்தது. அதன் சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. கடைசி ஸ்டாண்டு வரை வந்து, நின்று, திரும்பிக்கொண்டது.

அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. இந்தப் பக்கம் கரி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. தங்கராசு ஷவலை இடது கையால் பிடித்து, வலது கையை வெறுமனே ஒட்டவைத்து, இடுப்பு வரை தூக்கி எறிந்தார். பாதி பெல்ட்டில் விழுந்தது. பாதி அவர் காலிலேயே விழுந்தது. பத்து மணிக்குள் மூன்று ஸ்டாண்டுதான் முடிந்திருந்தது.

"செத்த உக்காருங்கண்ணே" என்று விஜயராஜ் தன் எல்லையில் நின்று கத்தினான். "நான் பாத்துக்கறேன், இருமுறேன்."

இருமினால் சூப்பர்வைசரிடமிருந்து மறைக்கலாம். தங்கராசு ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த வில்லையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தார்.