ராஜாவைக் கூப்பிட்டவர்

ஆஸ்பத்திரி மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. உன்ஜோ கைப்பிடியைப் பிடித்து உலுக்கினாள். தோளில் அப்பாவின் குளிர்க்கோட்டு. அப்பா போய் இருபது நிமிடம்தான் ஆகிறது. பிணவறை ஆட்கள் வந்து முகத்தை மூடுவதற்குள் அவரைக் கூப்பிட்டாக வேண்டும்.

"யாரும்மா அது? சிகரெட்டுன்னா கீழ போ." துடைப்பத்தோடு வந்தாள் துப்புரவு செய்கிறவள்.

"சாவி குடுங்கக்கா. அப்பா இப்பதான் போனாரு. கோட்டை வீசி உயிரைத் திருப்பிக் கூப்பிடணும்."

"இப்ப யாரு அதெல்லாம் செய்றா? ராஜா சீரியலா பார்ப்பியோ?"

"எங்கப்பா அதுல நடிச்சவரு."

முப்பத்தோரு வருடம் சரித்திரத் தொடர்களில் கும்பலோடு நின்ற மனிதர். பல்லக்குத் தூக்கினார், அம்பு பட்டு விழுந்தார், பிணமாகக் கிடந்தார். வசனம் கிடைத்தது ஒரே ஒரு முறை. செத்த ராஜாவின் அங்கியோடு அரண்மனைக் கூரையேறி, வடக்கே பார்த்து வீசி, 'திரும்பி வாருங்கள்' என்று மூன்று முறை கூவும் பணியாள் வேடம். ஒளிபரப்பில் முதுகுதான் தெரிந்தது. அந்தக் கேமராக்காரன் நன்றாக இருக்கட்டும்!

சாப்பாட்டு வேளையெல்லாம் அதே கதைதான். "விமானம் போகும், காத்தடிக்கும், மறுபடி எடுப்பானுங்க. பதினோரு டேக்! பதினோரு தடவை கூப்பிட்டேன், பதினோரு தடவையும் ராஜா எந்திரிச்சு உக்காந்து காபி குடிச்சாரு. நம்ம குரல் அப்படி!" சிரித்து, புரையேறி, இருமுவார்.

"குதிச்சிட மாட்டியே?" என்று கேட்டுக் கதவைத் திறந்துவிட்டு, துப்புரவு செய்கிறவள் நம்பாமல் அங்கேயே நின்றாள்.

தம்பி தெக்யு போனில் அழைத்தான். "அக்கா, ஆளுங்க வந்தாச்சு. எங்க இருக்க?"

"அப்பாவை மூட விடாதடா. கெஞ்சிக் கேக்கறேன்."

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பனி இறுகிக் கிடந்தது. வடக்கு எதுவென்று தெரியாமல் அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கதவருகே இருந்து துடைப்பக் கட்டை வடக்கே நீண்டது. இடது கையில் கழுத்துப்பட்டி, வலது கையில் கீழ்விளிம்பு, அப்பா செய்து காட்டியபடியே பிடித்தாள்.

ராஜாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். சாதாரண மனிதனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெற்றவர் பெயரை அவள் ஒரு நாளும் சேர்த்துச் சொன்னதில்லை. காலையில் ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் கேட்டபோதுகூட 'பன்', 'சொக்' என்று பிரித்துத்தான் சொன்னாள். மரியாதைக்குப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"கோ பன்சொக்!" என்று குடும்பப் பெயரோடு சேர்த்துக் கத்தினாள். வாய் கூசியது. "திரும்பி வாங்க!"

இரண்டு. மூன்று.

"மூணு ஆச்சும்மா. போதும்."

நான்காவது முறை கோட்டை வீசினாள். கார் நிறுத்துமிடத்தில் ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஏழில் தொண்டை கிழிந்தது. "பன்சொக்! திரும்பி வா!" ஒன்பதில் கால் வழுக்கியது. துப்புரவு செய்கிறவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனைடி?"

"ரெண்டுக்கா. ரெண்டே ரெண்டு."

கீழே ஓடிவந்து கோட்டை அப்பாவின் மேல் விரித்தாள். முகம் அப்படியே இருந்தது. பிணவறைத் தள்ளுவண்டியோடு வந்தவர் தெக்யுவைப் பார்த்தார்.

"அக்கா, கொண்டு போகட்டுமா?"

"இருடா."

நடைகூடத்துக் காபி இயந்திரத்தில் நாணயம் போட்டு, நிரம்பிய காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, தலைமாட்டில் வைத்தாள். தள்ளுவண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

காபியில் ஆவி அடங்கும்வரை யாரும் வண்டியைத் தொடவில்லை.