கைக்குப் பின்னால் சொன்னது

காதல் காட்சியில் அவன் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். திரையில் ஒரு படகு, படகில் அவன், அவன் தோளில் சாய்ந்தபடி நாயகி. பியானோ வாசிப்பவர்கூட விரல்களில் பஞ்சு சுற்றிக்கொண்டதுபோல் வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கு நடுவில் அவள் சிரிப்பு, தகரத் தட்டு படிக்கட்டில் உருண்டதுபோல் எழுந்தது. காது போனதிலிருந்து அவளுக்குத் தன் குரலின் எடை தெரியாது. முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். "ஏம்மா, இது உருகற இடம்" என்றார் ஒருவர். அது அவளுக்குக் கேட்கவா போகிறது? கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா? நிலாவைப் பாத்துக்கிட்டே, 'யோவ், உன் மீசை ஒரு பக்கம் கழண்டு என் கழுத்துல ஒட்டுது, அசையாதே'ங்குது! அடுத்து வர்ற எழுத்து அட்டையில என்னடான்னா, 'இந்த இரவு முடியவே கூடாது'ன்னு எழுத்து வருது!"

அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். உண்மைதான். படகுக் காட்சி எடுத்த அன்று மீசை கழன்றது. நாயகி அதையேதான் சொன்னாள். கூடவே வந்திருந்த மைத்துனன் தொடையைத் தட்டினான்.

"ஊருக்கெல்லாம் ஊமைப்படம், எங்க அக்காவுக்கு மட்டும் பேசும் படம்! மாமா, இனிமே அங்க போய் அடக்கமாப் பேசுங்க. எல்லாம் வீட்டுக்கு வந்து சேந்துடும்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள். பல வருஷமாக அவள் பார்ப்பது அவன் கண்ணை அல்ல, வாயைத்தான்.

"நாடகத்துல உக்காந்தா உங்க உதடு எனக்கு எட்டாது. இதுல உங்க முகம் சுவர் அளவுக்கு வருதுங்க. எத்தனை வருஷம் கழிச்சு உங்களைக் கேட்டேன் தெரியுமா? அடுத்த படம் எப்போ?"

அவன் சிரிப்பு அந்தக் கேள்வியில் நின்றது.

அடுத்த படம் ஏற்கெனவே எடுத்து முடித்தாகிவிட்டது. அதில் அவன், சாகக் கிடக்கும் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அழுகிறான். அழும்போது பேசுகிறான். என்ன பேசினான் என்பது அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாடகக் கம்பெனியில் அவனை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குரல். கடைசி வரிசையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அவள் அங்கே உடை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்றபடி, அவன் முதல் வரியைச் சொல்லும்போதே இன்று சாப்பிட்டானா, யாரோடாவது சண்டை போட்டானா என்று சொல்லிவிடுவாள். குரலைத்தான் கட்டிக்கொண்டேன், ஆள் கூடவே வந்தார் என்று சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணமான அடுத்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போனது. அவள் முடங்கவில்லை. கண்ணாடி முன்னால் தன் வாயையும், சாப்பாட்டு மேசையில் அவன் வாயையும் பார்த்துப் பார்த்து, யாரும் சொல்லித்தராமலே உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். மாறிப்போனது அவன்தான். ஊரே கேட்கும் குரலை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. "உப்பு கொஞ்சம் கம்மி" என்பதைக்கூட வெளிச்சத்துக்கு வந்து, முகத்தைத் திருப்பி, வாயைக் கோணி, மறுபடி சொல்ல வேண்டும். அவன் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. சலிப்பைக் காட்டாமல் இருப்பதும் நடிப்புதானே.

பிறகு சினிமா வந்தது. அங்கே குரலுக்கு வேலையே இல்லை. ஒருபக்கம் தச்சர்கள் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொருபக்கம் டைரக்டர் கத்திக்கொண்டிருப்பார். நடுவில் நின்று வாயசைத்தால் போதும். வில்லன் கொலைவெறியோடு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். இவனுக்கு மட்டும் பழக வெகுநாள் ஆனது. அதிலும் அழுகை. மேடையில் அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவான். மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும். காமெராவுக்கு அது உதவாது.

"கையை எடுய்யா!" என்று டைரக்டர் தொண்டை கிழியக் கத்துவார். "உன் மோதிரத்தைப் பாத்தா ஜனங்க அழுவாங்க?"

மரணப் படுக்கைக் காட்சியில் கண்ணீர் வரவில்லை. மீண்டும் மீண்டும் எடுத்தும் வரவில்லை. கட்டிலில் சாகக் கிடக்க வேண்டிய நாயகி, "அண்ணே, சீக்கிரம் அழுதுடுங்க, முதுகு கடுக்குது" என்றாள். கண்ணுக்கு மருந்து விடலாமா என்று யாரோ கேட்டபோது அவனுக்கு ரோஷம் வந்தது.

"எனக்கு வசனம் இல்லாம அழுகை வராது" என்றான்.

"அவ்வளவுதானே? எதையாவது சொல்லித் தொலை. யாரு கேக்கப் போறா?"

யார் கேட்கப் போகிறார்கள். விளக்குகளின் சூட்டில் கண் எரிய, அவன் கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்தான். பொய்யான வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. உள்ளே கிடந்தது வந்தது.

"வாய் வலிக்குதுடி எனக்கு. உன்கிட்டப் பேசிப் பேசி வாய் செத்துப்போச்சு. ஊருக்கெல்லாம் நான் வெண்கலம், உனக்கு மட்டும் ஊமை. அந்தக் காய்ச்சல்லயே நீ போயிருக்கலாம். ஒரு தடவை அழுது தீத்திருப்பேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. தன்னை மறந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அந்தக் கைகளுக்குப் பின்னால் இன்னொன்றும் சொன்னான்: "போயிருந்தா, இந்த வாயைத் தூக்கிக்கிட்டு நான் யாருகிட்ட வந்து நிப்பேன்?"

ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். டைரக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "கடைசியில கையால மூஞ்சியை மூடிக் கெடுத்துட்டே. பரவாயில்ல, அதை வெட்டிக்கலாம்."

அடுத்த படம் எப்போ என்று அவள் கேட்டதற்கு மறுநாள் காலையிலேயே டைரக்டரிடம் போனான். அந்தக் காட்சியைப் படத்திலிருந்து நீக்கிவிடும்படி கெஞ்சினான். காரணம் மட்டும் சொல்லவில்லை.

"உனக்கென்ன, புத்தி பேதலிச்சுப்போச்சா? அந்தக் காட்சிதான்யா படமே! போட்டுப் பாத்த அன்னிக்கு ஆபரேட்டரே அழுதான், சுருள் அறுந்தது தெரியாம!"

அடுத்து படத்தை வெட்டி ஒட்டுகிறவரிடம் போனான். கத்திரி என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் மாலை மாதிரி பிலிம் துண்டுகளைப் போட்டுக்கொண்டு, வாயில் ஒரு துண்டைக் கடித்தபடி பேசுகிற மனிதர். முழுக் காட்சியையும் எடுக்க முடியாது, நடுவில் ஓர் எழுத்து அட்டையைச் சொருகி ஒரு பகுதியை மறைக்கலாம் என்றார்.

"எந்த இடம்னு காட்டுங்க."

கையால் சுற்றிப் பார்க்கும் பெட்டிக்குள் அவன் கண்ணை வைத்தான். கத்திரி கைப்பிடியைச் சுற்றினார். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு அவனே மண்டியிட்டு வாயசைத்துக்கொண்டிருந்தான். எது வாய் வலி, எது காய்ச்சல்? ஒன்றும் விளங்கவில்லை. கத்திரியின் சவரக் கண்ணாடியை வாங்கி, அதில் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். பெட்டிக்குள் பார்த்தான். மறுபடி கண்ணாடி.

"உங்க வாய் பேசினது உங்களுக்கே தெரியலையா?" என்றார் கத்திரி. "அப்படி என்ன சார் பேசினீங்க, நாயகியோட அப்பாவைத் திட்டினீங்களா? உதடு படிக்கத் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க, சுலபமா முடிஞ்சிடும்."

அவனுக்குத் தெரிந்து அப்படி ஒரே ஓர் ஆள்தான் உண்டு. தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் குத்துமதிப்பாக நடுவில் ஓர் இடத்தைக் காட்டினான். கத்திரி அங்கே 'என்னை விட்டுப் போகாதே' என்று ஓர் அட்டையை ஒட்டினார்.

படம் வெளியான மாலை, தலை வலிக்கிறது என்றான். படம் சுமார்தான் என்றான். அவள் நல்ல உடையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டே, "நீங்க வேணும்னா படுங்க, நான் தம்பியோட போறேன்" என்றாள். தன்னைப் பார்க்க, தான் இல்லாமல் அவள் போவதை அவனால் தாங்க முடியவில்லை. கூடவே போனான்.

கட்டில் காட்சி வந்தபோது அவன் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். திரையின் வெளிச்சம் அதில் ஏறி இறங்கியது. அவள் உதடுகள், திரையில் அவன் பேசப் பேச, கூடவே லேசாக அசைந்தன. அட்டை வந்தது, நின்றன. அட்டை போனது, மறுபடி அசைந்தன. பிறகு அசையவில்லை. நாற்காலிக் கைப்பிடியில் அவன் கைமேல் இருந்த தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாக இழுத்துக்கொள்ளவில்லை. ஓர் இடத்தில் மறந்து வைத்த பொருளை எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டாள்.

சுற்றிலும் எல்லோரும் விசும்பினார்கள். மைத்துனன் மூக்கைச் சிந்தினான். "மாமா, கொன்னுட்டீங்க மாமா" என்றான். வெளியே வந்ததும் முன்பின் தெரியாதவர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பெண் அவளிடம், "உங்க வீட்டுக்காரர் உங்களை எப்படி வெச்சிருப்பார்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். அதை அவள் படித்தாளா என்று தெரியவில்லை. புன்னகை செய்தாள்.

அதன்பிறகு அவள் அவன் வாயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

சண்டை இல்லை. சமைத்தாள், துவைத்தாள், காபி கொண்டுவந்து வைத்தாள். பார்வை மட்டும் அவன் சட்டைப் பொத்தானோடு நின்றுகொண்டது. அவன் எதிரே போய் நின்று வாயைத் திறந்தால் பாத்திரத்தைத் துடைக்கத் திரும்பிவிடுவாள். ஒன்றைக் கேட்காமலிருக்க மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அவளுக்குத் தலையைத் திருப்பினால் போதும். வெறுங்கூடத்தில் ஒருநாள் அவன் வெண்கலக் குரலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில், துணி மடித்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி அவளாகவே பேசினாள். குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் வந்தது.

"அட்டைக்கு முன்னாடி வாய் வலியைச் சொன்னீங்க. அட்டைக்குப் பின்னாடி காய்ச்சலைச் சொன்னீங்க. கை மேல வர்றப்ப இருட்டாயிடுச்சு. அதுக்கப்புறம் ஏதாவது சொன்னீங்களா?"

அவன் பாய்ந்து அவள் எதிரே வந்தான். இந்தமுறை அவள் தலையைத் திருப்பவில்லை. கைகளுக்குப் பின்னால் சொன்னதை, வெளிச்சத்தில் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். அவள் முழுவதும் படித்தாள்.

"இது எனக்குத் தெரிஞ்சு சொல்றது" என்றாள். "அது எனக்குத் தெரியாம சொன்னது. கை மூடின இடத்துல வெட்டின துண்டு இருக்குமா?"

அன்றே அவளைக் கத்திரியிடம் கூட்டிப்போனான். அவர் எதையும் தூக்கிப் போடாத மனிதர். துணிப்பை ஒன்றில் கைவிட்டுத் துழாவி, சுருண்டு கிடந்த ஒரு துண்டை எடுத்துப் பெட்டியில் மாட்டினார். அவள் அவனிடம் திரும்பினாள்.

"நீங்க வெளியே நில்லுங்க. எனக்குத் தெரியாம பேசினதை நான் உங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கறேன்."

நடைபாதையில் நின்றான். கதவுக்கு உள்ளே கைப்பிடி சுற்றும் சத்தம். நின்றது. மறுபடி சுற்றியது. அந்த வரியை உண்மையிலேயே அன்று சொன்னோமா, இல்லை சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு நாமாகச் சேர்த்துக்கொண்டோமா? இத்தனை நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துப் பார்த்து, அவனுக்கே நிச்சயம் இல்லாமல் போயிருந்தது. உள்ளே கைப்பிடி இன்னொருமுறை சுற்றியது.

அவள் வெளியே வந்தாள்.

"கைதான் இருக்கு" என்றாள். "தோள் குலுங்குது. பேசறீங்களா, வெறுமனே அழறீங்களான்னு தெரியல. ஒரே ஒரு இடத்துல விரல் இடுக்குல உதடு அசையற மாதிரி இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

வெயில் ஏறிய தெருவில் அவள் இரண்டடி முன்னால் நடந்தாள். முன்னால் போகிறவளிடம் எதையும் சொல்ல முடியாது. அவன் அவள் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான். குதிரை வண்டி ஒன்று கடந்தது. ரொட்டிக் கடைக்காரர் அவனை அடையாளம் கண்டு சலாம் வைத்தார்.

முக்கில் அவள் நின்று திரும்பினாள்.

"ஏதாவது சொன்னீங்களா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். அப்படியும் அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.