கொஞ்சம் தள்ளி நில்லுங்க

தேவானந்தம் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் வீட்டு மதில் சுவர் ஒன்றரை அடி தள்ளி நின்றது. ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால்காரர் வந்துபோன பிறகு இது நடந்தது. அன்றைக்கு உழவர் சந்தையில் தக்காளி கிலோ முப்பத்தெட்டு, சின்ன வெங்காயம் ஐம்பது. சுவர் நகர்ந்தபோது பெரிதாகச் சத்தம் எதுவும் இல்லை, நெல் மூட்டையைத் தரையில் இழுத்தால் வருகிற அளவுக்குத்தான் கேட்டது என்று எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சாரா சொன்னாள். சுவரின் மேல் படுத்திருந்த பூனை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது.

சௌரிபாளையத்தில் எங்கள் வீதிக்காரர்கள் எல்லோருக்கும் தேவானந்தத்தைத் தெரியும். மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிவு உபசார நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அதுவரை அவர் தன் கையால் ஓர் ஆணி அடித்ததில்லை. வீட்டு வேலைக்கெல்லாம் கொத்தனார் சுப்பண்ணனைத்தான் கூப்பிடுவார். சுப்பண்ணனும் ஒவ்வொரு முறையும் "நாளைக்கு வாரேனுங்க" என்பார். வரமாட்டார். எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது மரியாதை இல்லை, அதனால் ஆளே வராமல் இருந்துவிடுவார்கள். காத்திருந்து அலுத்துப்போன தேவானந்தம், புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்காக ரவிதேஜா என்ற பையன் போடும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துத் தானே வேலையில் இறங்கினார். எந்த வீடியோவானாலும் அந்தப் பையன் கடைசியில் "ரொம்ப ஈஸிங்க" என்று முடிப்பான். அதை நம்பித் தேவானந்தம் அடித்த அலமாரிப் பலகையில் எதை வைத்தாலும் மேற்குப் பக்கமாக உருண்டு போய்ச் சேர்ந்தது. அவர் மனைவி சூசைமேரி உருளாத சாமான்களாகப் பார்த்து அதில் அடுக்கினார். பிறகு குழாய் வேலை. அது முடிந்ததிலிருந்து சமையலறைக் குழாயைத் திறந்தால் குளியலறையில் தண்ணீர் கொட்டியது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத் திறக்கச் சூசைமேரி பழகிக்கொண்டார்.

அவர் கேட்டதெல்லாம் வேறு. சூசைமேரி வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அங்கே வீட்டு வாசலிலேயே சௌசௌ பந்தலும் பீன்ஸ் கொடியும் இருக்கும். கோயம்புத்தூருக்கு வாழ வந்தபோது, உனக்கு நம் வீட்டில் ஒரு பாத்தி போட்டுத் தருகிறேன் என்று தேவானந்தம் வாக்குக் கொடுத்தார். வாடகை வீடுகளில் அது நடக்கவில்லை. சொந்த வீடு கட்டினார்கள், அந்த வீடு இருந்த இடத்தையெல்லாம் தின்றுவிட்டது. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் மிஞ்சியது. சூசைமேரி பெயின்ட் பக்கெட்டுகளில் மண் நிரப்பி மொட்டை மாடியில் செடி வைத்தார். பிறகு மூட்டுவலி வந்து படியேற முடியாமல் போயிற்று. மாடியில் செடிகள் காய்ந்தன. "பக்கெட்டு வேண்டாமுங்க, எனக்குத் தரைல கைய வெக்கோணும், அவ்வளவுதான்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

ஆகவே அந்த ஆடியில் கடப்பாரை எடுத்துச் சந்தின் சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்தார். ஓங்குகிற ஒவ்வொரு முறையும் முழங்கை மதிலில் இடித்தது. காந்திபுரம் டவுன் பஸ்ஸில் முன்னால் நிற்பவரிடம் சொல்கிற பழக்கத்தில், வேலை மும்முரத்தில், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். சுவர் தள்ளி நின்றது. அதே பழக்கத்தில் "தேங்க்ஸுங்க" என்று சொல்லிவிட்டு மேலே வேலையைப் பார்த்தார். மண்ணைக் கொத்தி, உரம் போட்டு, பாத்தி பிடித்து நிமிர்ந்த பிறகுதான் தன் வீட்டில் இவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது என்ற யோசனை அவருக்கு வந்தது.

வந்தது சென்னிமலை வீட்டிலிருந்து. மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சென்னிமலைக்கு வெள்ளகோவில் பக்கம் தோட்டம். மகன் சபரீஷ் இங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்ததால் வந்தவர். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போய், இரண்டு பக்க வக்கீல்களின் பிள்ளைகளும் வக்கீலாகி அந்த வழக்கையே நடத்தினார்கள். இனி மண்ணுக்காக யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துதான் சென்னிமலை நகரத்துக்கு வந்தார். இப்போது காலையில் எழுந்து பார்த்தால் அவருடைய கறிவேப்பிலை மரம் ஓர் இலை உதிராமல் தேவானந்தம் வீட்டுக்குள் நின்றது.

"மன்னிச்சுக்கோங்ணா, பழக்கதோசத்துல சொல்லிப்போட்டேனுங்க. அது நெசமாவே நகந்துபோச்சுங்க" என்றார் தேவானந்தம்.

"அதுக்கென்னங்க, நிக்கட்டுங்க" என்றார் சென்னிமலை. சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், மனைவி சாந்தாமணி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் ஆற வைத்தார்.

சுவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தேவானந்தம் நினைத்தார். ஆனால் அதற்குள் சூசைமேரி பீன்ஸும் கொத்தமல்லியும் விதைத்து, சௌசௌவும் ஊன்றிவிட்டார். முதல் இலைகள் வந்த காலையில் அவர் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, விரல்களை மண்ணுக்குள் விட்டபடி இருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு தேவானந்தத்துக்கு வாய் வரவில்லை. செய்வது தப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சில நாள் பொறுத்த சென்னிமலை, ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சுவரிடம் போய், "ஏய், வா இந்தப் பக்கம்" என்றார். பூச்சு கொஞ்சம் பெயர்ந்து அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. பின்னால் நின்ற சாந்தாமணி, "பெரிய மனுசராட்டம் நிக்கறாரு, அவரைப் போயி வா போங்கறீங்க. மருவாதியாக் கேளுங்க" என்றார். சென்னிமலை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, சித்த இப்படி வாங்க" என்று கேட்டார். சுவர் இரண்டு அடி வந்தது. கறிவேப்பிலை மரத்தோடு பீன்ஸ் வரிசையும் அந்தப் பக்கம் போயிற்று. விடிந்ததும் அதைப் பார்த்த தேவானந்தம் "பரவால்லீங்ணா" என்றார். மறுநாளே சுவரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் எவ்வளவு தூரம் மனஸ்தாபப்பட்டிருக்கிறார்கள் என்பதை அவர்கள் போடுகிற 'ங்க'வை வைத்துச் சொல்லிவிடலாம். "சாப்டாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் "தாங்கள் சாப்டாச்சுங்களாங்க" என்று கேட்கத் தொடங்கியபோதே வீதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவே வருஷக்கணக்காகக் கிண்ணம் போய்வந்துகொண்டிருந்தது. இங்கிருந்து மீன் குழம்பு போனால் அங்கிருந்து அரிசிப் பருப்புச் சாதம் வரும், ஒருநாளும் வெறும் கிண்ணம் திரும்பியதில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேக் போகவில்லை. பொங்கலும் வரவில்லை. இடையில் பஷீர் என்ற சர்வேயர் டேப்போடு வந்து அளந்தார். டேப்பின் மறுமுனையை எடுத்து வருவதற்குள் சுவர் ஏதாவது ஒரு பக்கம் அழைக்கப்பட்டுப் போய்விடும். சுவர் ஊரில் இருக்கும்போது சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்று அவர் கிளம்பிவிட்டார்.

மாசி பிறந்ததும் ஒரு காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். தயவுபண்ணி இப்படி வாங்க என்று ஒருவரும், பெரிய மனசு பண்ணி அப்படி வாங்க என்று மற்றவரும் கேட்டார்கள். சுவரும் எங்கள் ஊர்ச் சுவர்தானே. யாரிடமும் முடியாது என்று சொல்ல அதற்கும் வரவில்லை. இருவரும் காப்பி குடிக்க உள்ளே போன நேரத்தில் அது புறப்பட்டுப் போய்விட்டது. வீதி முனையில் அனீஸ் பேக்கரிக்கு முன்னால், இரண்டு வீட்டுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மத்தியானத்துக்குள் அதன் மேல் டீ கிளாஸ்களும் பப்ஸ் தட்டுகளும் வந்துவிட்டன. பூனை அங்கேயும் போய்ப் படுத்துக்கொண்டது.

மதில் இல்லாத தோட்டத்துக்குள், சென்னிமலை வீட்டு வாசல் வழியாக வீதி ஆடுகள் நுழைந்தன. சூசைமேரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவதற்குள் பீன்ஸ், மல்லி, பந்தலில் அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்த சௌசௌ எல்லாம் போய்விட்டது. அவர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார். கல்யாணம் முடிந்து வால்பாறை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்த நாளில்கூட அழாதவர். மறைக்கச் சுவர் இல்லாததால் சாந்தாமணிக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு கிண்ணத்தில் சூடாக அரிசிப் பருப்புச் சாதம் எடுத்துக்கொண்டு நேராக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு ஆண்களும் அவரவர் வாசலில் நின்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள்.

பிறகு இருவரும் ஒன்றாகவே பேக்கரிக்குப் போய்ச் சுவரைக் கூப்பிட்டார்கள். அது அசையவில்லை. பங்குச்சாமி கிளமென்ட் வந்து ஜெபித்தார், சென்னிமலை தேங்காய் உடைத்தார். ரவிதேஜாவின் வீடியோ எதிலும் இதற்கு வழி இல்லை. சாயங்காலம் சூசைமேரியே தாங்கித் தாங்கி நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. அனீஸ் ஒரு சேரைக் கொண்டுவந்து போட்டு "உக்காருங்கம்மா" என்றான். உட்கார்ந்தவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிற அதே குரலில், "நீங்களும் உக்காருங்க. கட்டுன நாள்ல இருந்து நின்னுட்டே இருக்கறீங்களே, காலு வலிக்காதுங்களா" என்றார்.

சுவர் உட்கார்ந்தது. முழங்கால் உயரத்துக்கு, மெதுவாக, ஒரு கல் உதிராமல் உட்கார்ந்தது. எங்களுக்கெல்லாம் வெட்கமாகப் போய்விட்டது. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரைக்கூட உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிற ஊர் இது. அந்தச் சுவரிடம் நில்லுங்க, வாங்க, போங்க என்று சொல்லியிருக்கிறோமே தவிர, ஒருவர்கூட உட்காருங்க என்று சொன்னதில்லை.

இருட்டுவதற்குள் "ஊட்டுக்குப் போலாம் வாங்க" என்று சூசைமேரி எழுந்தார். அவர் நடக்கிற வேகத்துக்கே சுவரும் பின்னால் வந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் தனக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. யார் பக்கம் அதிகம் என்று சென்னிமலை அளக்கவில்லை. ஒரே ஒருதரம் காலால் அடி வைத்துப் பார்த்தார் என்று சாந்தாமணி சொல்கிறார். இப்போது பாத்தி இரண்டு பக்கமும் இருக்கிறது. சௌசௌ பந்தல் சுவருக்கு மேலாகவே போகிறது, அதில் ஒரு கால் மட்டும் தேவானந்தம் ஊன்றியது, அது மட்டும் சாய்ந்திருக்கிறது. கிண்ணங்கள் சுவர் மேல் காத்திருக்கின்றன. ஆடு வந்தால் சுவர் அரைவாசி எழுந்து பார்த்துவிட்டு மறுபடி உட்காருகிறது.

அடுத்த ஆடியில் சுப்பண்ணன் கரண்டியும் இரசமட்டமுமாக வந்து சேர்ந்தார். "வாரேன்னு சொல்லியிருந்தேனுங்களே, என்ன வேலைங்க" என்று கேட்டார். சூசைமேரி மண்ணிலிருந்து கையை எடுக்காமல், வேலை ஒன்றும் இல்லீங்க, உக்காருங்க என்றார். சுப்பண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவர் மேல் ஏற்கெனவே தேவானந்தமும் சென்னிமலையும் பூனையும் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் கொஞ்சம் நீண்டு அவருக்கும் இடம் விட்டது.