ஏழு முள்ளின் மறுபாதி

அந்தக் கனெக்டருக்கு மறுபாதி திருநெல்வேலியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஜங்ஷனில் நான்கு கடை, டவுனில் இரண்டு, பாளையங்கோட்டையில் ஒன்று. ஏறி இறங்கிவிட்டேன். போட்டிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

1996 பிப்ரவரி. மெட்ராஸில் ஒரு காலேஜில் ரோபோ போட்டி. ரோபோ என்றால் கை, கால், தலை எல்லாம் கிடையாது. இரண்டு சக்கரம் வைத்த வண்டி. தரையில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தானே பார்த்து, தானே திரும்பிப் போக வேண்டும். என் வகுப்புப் பையன்கள் பெங்களூரிலிருந்து கிட் வரவழைத்திருந்தார்கள். என்னிடம் லேபில் செத்துப்போன பிரிண்டரிலிருந்து, எடுத்துக்கொள்ளலாம் என்று சார் எழுதிக் கொடுத்த இரண்டு மோட்டார் இருந்தன. கோட்டைப் பார்க்கும் கண்ணை நானே செய்திருந்தேன். மோட்டாரை ஓட்ட, அப்பா கொடுத்த போர்டு. அதில்தான் அந்த ஏழு முள் கனெக்டர்; அதில் பூட்டும் கேபிள் இல்லாமல் போர்டுக்குக் கரண்டே போகாது.

சேருவதற்கான படிவத்தில் ஒரு பக்கம் முழுக்க அட்டவணை. பாகத்தின் பெயர், எங்கே வாங்கியது, என்ன விலை. காலேஜ் சாமானைச் சுட்டுக்கொண்டு வரக் கூடாது என்பதற்காக. ஒரு வரி காலியாக இருந்தாலும் சேர்க்க மாட்டோம் என்று அச்சடித்திருந்தார்கள். போர்டு வேலை செய்தால்தானே எழுத வேண்டும் என்று அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

அந்தப் போர்டை நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று அப்பா கொடுத்தார். 93 ஜூலை. "பாளையங்கோட்டையில பழைய சாமான் கடையில கெடந்துச்சு. அஞ்சு ரூவா. உனக்கு ஆகுமான்னு பாரு" என்றார். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிரங்குப் பெட்டியில் போட்டுவைத்தேன். மூன்றாம் வருடம் வந்த பிறகுதான் அதிலிருக்கும் சிப்பின் நம்பரை லைப்ரரியில் தேடிப் பார்த்தேன். மோட்டார் ஓட்டும் சிப். அதுவும் இரண்டு.

காஜா முகைதீன் அண்ணாச்சி ஜங்ஷனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடைசியாக அவரிடம் போனேன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு பிள்ள. மாப்பிள்ளதான் நம்ம ஊர்ல இல்ல."

"கிண்டலுக்கு நேரமில்ல அண்ணாச்சி."

"கோவப்படாத. இங்கன பாரு. வெளிய மரை போட்டிருக்கான், உள்ள ரப்பர் வளையம். டிவி, டேப்பு எதுலயும் ஒருத்தனும் இதப் போடமாட்டான். தண்ணி இறங்கக் கூடாதுன்னு செஞ்சது. கடல்ல, ஆத்துல வைக்கிற மிஷினுக்குள்ளது."

"வயரை நேரா முள்ளுல பத்தவச்சா?"

"எங்கன வைப்பே? பின்னால பூரா அரக்கு மாதிரி கறுப்பா ஊத்தி மூடியிருக்கான். ஏழு முள்ளுல எதுல கரண்டுன்னு தெரியாமத் தொட்டேன்னு வையி, ஒரே பொகதான். பெறகு மெட்ராஸ்ல உன் வண்டிய நான்தான் தள்ளிட்டுப் போவணும்." சிரித்துவிட்டு ஒரு சீட்டில் விலாசம் எழுதினார். "மகாராஜ நகர்ல கணேஷ்ராம் சார்னு இருக்காரு. மழை அளக்குறது, காத்து அளக்குறது எல்லாம் அவருதான் காண்ட்ராக்டுல பாக்காரு. போய்க் கேளு."

ஆற்றில் வைக்கிற மிஷின் என்றதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அப்பா ஆற்றங்கரையில்தான் வேலை பார்த்தார். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, தண்ணீர் மட்டம் பதியும் கருவி இருந்த கொட்டகைக்குக் காவலாளி. தினக்கூலிதான். பதினொரு வருடம். நிரந்தரமாக்கும் உத்தரவு வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தொண்ணூற்றிரண்டு நவம்பர் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் கொட்டகைக்குள் இடுப்பளவு சேறு. கருவி இருந்தது, அதன் உள்ளிருந்த ஒன்று இல்லை. காவலாளி மாசானமுத்து எடுத்துவிட்டான் என்று எழுதி வேலையை விட்டு நீக்கினார்கள்.

நான் அப்போது பிளஸ் டூ. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். பதினொரு மனு எழுதினேன். திங்கட்கிழமை திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றேன். ஒவ்வொரு மனுவையும் முதலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். தலையைக் குனிந்து கேட்பார். பிறகு கஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போடுவார். மனுவின் அடியில் 'எழுதியது: மகள் சுடலைவடிவு' என்று நான் போடுவேன். விசாரணைத் தாளில் 'கருவியின் உட்பாகம் ஒன்று' என்றுதான் இருந்தது. அது எப்படி இருக்கும் என்று நான் யாரையும் கேட்டதில்லை. எடுக்காத பொருள் எப்படி இருந்தால் எனக்கென்ன?

கணேஷ்ராமுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அதிலிருந்து சாம்பல் நிற கேபிள் ஒன்றை உருவினார். நுனியில் உலோக வளையம். கனெக்டரில் வைத்து அழுத்தி வளையத்தைத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. டக்கென்று உட்கார்ந்தது. வளையத்தில் சிவப்புப் பெயிண்டில் 4 என்று இருந்தது. போர்டின் ஓரத்தில், நான் இத்தனை நாளாக ஏதோ கறை என்று நினைத்த இடத்திலும் அதே சிவப்பு, அதே 4.

"எங்கம்மா கெடச்சுது?"

"பழைய சாமான் கடையில சார்."

"மாவட்டத்துல மொத்தமே நாலு கருவிதான். ஆத்துத் தண்ணி மட்டத்தத் தாள்ல வரைஞ்சுகிட்டே இருக்கும். ஒரு மோட்டார் தாள நகத்தும், ஒண்ணு பேனாவ நகத்தும். இது நாலாம் நம்பரோட போர்டு. வெள்ளத்தப்பம் காணாமப் போனது. இந்த கேபிள் மட்டும் செவுத்துல தொங்கிட்டுக் கெடந்துச்சு."

"வெள்ளம் இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றேன். என் மனுக்களில் மூன்றாவது பத்தி அது. எனக்கு மனப்பாடம்.

அவர் சிரித்தார். "மூணு சுத்து திருகினாத்தான் கழலும். வெள்ளத்துக்குக் கையா இருக்கு? பிய்ச்சுட்டுப் போயிருந்தா முள்ளு வளைஞ்சிருக்கும். பாரு, ஏழும் நேரா நிக்குது. பைய, பொறுமையாக் கழட்டியிருக்கான். அந்த வாச்சர் நான் சர்வீசுக்குப் போறப்பல்லாம் பக்கத்துல நின்னு டார்ச் புடிப்பான். பாத்தே படிச்சுக்கிட்டான்."

வளையத்தைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். சரியாக மூன்று சுற்று.

"அவன் மக மனு மனுவாப் போட்டா. ஒண்ண நானும் வாசிச்சேன். முத்து முத்தா கையெழுத்து. பாவம், அந்தப் பிள்ளைக்குத் தெரியாது."

என் மடியில் போட்டிப் படிவம் விரிந்து கிடந்தது. பாதிக்கு மேல் நானே நிரப்பியது. அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

எந்த முள்ளில் எது என்று அவர் ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். கேபிளையும் கொடுத்தார். "இனிமே இத வச்சு யாரும் ஒண்ணும் செய்யப் போறதில்ல. உன் வண்டியாவது ஓடட்டும். பேரென்னம்மா?"

"மாதுரி" என்றேன். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரியின் பெயர்.

ஹாஸ்டலுக்குப் போய் வண்டியையும் சால்டரிங் அயர்னையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறினேன். அப்பா வாழைத்தார் சுமக்கிற வேலை முடிந்து வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தோளில் வாழைப்பால் கறை. உள்ளே வந்ததும் போர்டையும் கேபிளையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் போர்டைப் பார்க்கவில்லை. கேபிளை எடுத்தார்.

"இத இன்னுமா வச்சிருந்தாவ?" என்றார்.

அவ்வளவுதான். வேறு எதையும் நான் கேட்டு அறிய வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கத்தினேன்.

"எத்தனை பேருகிட்ட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? திருடன் மவளேன்னு சொன்னதுக்கு பஸ் ஸ்டாண்டுல ஒருத்திய செருப்பால அடிச்சிருக்கேன். அவ சொன்னது நெசம்தானே? இப்பம் போயி அவ கால்ல விழவா?"

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீ வீட்டு ரேடியோவப் பிரிச்சுப் போட்டுக்கிட்டே கெடப்பே. கொட்டகைச் சேத்துக்குள்ள, மிஷின்ல இது மட்டும் பச்சையா மினுமினுன்னு இருந்துச்சு. எல்லாத்தையும் வெள்ளத்துல போச்சுன்னு எழுதிருவாவன்னு நெனச்சேன் பிள்ள. கட்டில், நாற்காலி, குடை, அம்புட்டையும் அப்படித்தான் எழுதினாவ."

"விசாரணைக்கு வந்தப்பம் எடுத்துக் குடுத்திருக்கலாம்லா?"

"குடுக்கத்தான் இருந்தேன். வந்தவன் வாசல்லயே, 'ஏலே, களவாணிப்பயலே'ன்னு ஆரம்பிச்சான். நீ உள்ள இருந்து வந்து, 'எங்க அப்பா அப்படிப்பட்ட ஆள் இல்ல'ன்னு அவன் மூஞ்சிக்கு நேரா நின்னே. அன்னைக்குச் சாயந்தரமே மனு எழுதி வாசிச்சுக் காட்டுனே. அதுக்குப் பெறகு நான் எப்படிச் சொல்ல?"

"பதினோரு மனு!"

"ஒவ்வொரு மட்டமும் சொல்லிரணும்னுதான் ஒக்காருவேன். நீ வாசிச்சு முடிச்சதும் வாய் வராது." கேபிளின் வளையத்தை விரலால் உருட்டினார். "வேலை போன பெறகு ஆத்துல எறிஞ்சிருவோமான்னு கொண்டு போனேன். இதுக்காகத்தானே எல்லாம் போச்சு, உனக்காவது ஆகட்டும்னு திரும்பக் கொண்டுவந்துட்டேன்."

அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அதைவிட, அந்தக் கொட்டகைச் சேற்றில் குனிந்து, முள் வளையாமல் மூன்று சுற்று திருகிக் கழற்றிய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கேபிளை வாங்கி, தாளைப் பார்த்து வயர்களைப் பற்றவைத்தேன். அப்பாவே கனெக்டரைப் பூட்டினார். அவர் கை தடுமாறவில்லை.

சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வண்டியை விட்டேன். மெல்ல உறுமிவிட்டுக் கிளம்பியது. அடுப்படி வாசலில் கோடு வளையும் இடத்தில் தானே திரும்பியது. அப்பா காலை மடக்கி வழிவிட்டார். கோட்டின் முடிவு வரைக்கும் போய்ச் சுவரில் முட்டி நின்றது. எந்தப் பையனுடைய வண்டியும் அவ்வளவு நேராக ஓடி நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டிய போர்டு, எங்கள் வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு உறுமியது.

படிவத்தை எடுத்து அந்தக் காலி வரியைப் பார்த்தேன். உண்மையை எழுதினால் அப்பாவைக் காட்டிக்கொடுத்த கை என்னுடையதாக இருக்கும். காலியாக விட்டால் வண்டி போகாது. வண்டி போகாவிட்டால் அந்த வேலை போனது எதற்காகவும் இல்லை என்றாகிவிடும்.

எழுதினேன். பதினொரு மனுவையும் தெரியாமல் எழுதினேன், இதைத் தெரிந்து எழுதினேன். கையெழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"வாசி" என்றார் அப்பா.

"மோட்டார் போர்டு. பாளையங்கோட்டை, பழைய சாமான் கடை. விலை அஞ்சு ரூபாய்."

வழக்கம்போலத் தலையைக் குனிந்து கேட்டார்.

"அம்பதுன்னு போடு பிள்ள" என்றார் பிறகு. "அஞ்சு ரூவாய்க்கு எவன் தருவான்? நம்ப மாட்டாவ."

ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டேன்.