மூளி வட்டுகள்

"மூளியா இருந்துச்சி கண்ணு. அதான் அடைச்சேன்."

"ஆறையுமா?"

"ஆறுலயும் ஒரே எடத்துல ஓரம் பேந்து கெடந்துது. கீழ போட்டுட்டு சொல்ல பயந்துக்கிட்டன்னு நெனச்சேன்."

வெண்பா மேசையிலிருந்த காந்த வட்டுகளைப் பார்த்தாள். ஆராய்ச்சிக்கூடத்து உலை கெட்டுப்போனதால், வெட்டிய வட்டுகளை இன்னொரு முறை சூடேற்றத்தான் விருத்தாசலத்துக்கு, சித்தப்பா கொளஞ்சியப்பனின் பீங்கான் சூளைக்குக் கொண்டுவந்திருந்தாள். வரிசையாக ஓட்டைகள் போட்டுக் கறுப்பாகக் கொடுத்தவை மினுமினுவென்று, விற்பனைக்கு வைத்த பொம்மை மாதிரி திரும்பியிருந்தன.

"மெருகு வேற பூசியிருக்கீங்க!"

"சும்மாவா குடுப்பாங்க? ஓட்டைங்கள மட்டும் கோலம்னு வுட்டுட்டேன்."

"யாரக் கேட்டு செஞ்சீங்க? அந்தப் பள்ளத்த நான்தான் வெட்னேன்!"

"நீயேவா? எதுக்கு?"

"காந்தத்துக்குள்ள ஒரு அலை ஓடும் சித்தப்பா. இந்த ஓட்டை வரிசை அத ஓரமாவே, ஒரே தெசையில ஓட வெக்கும். குறுக்க பள்ளம் வந்தாலும் திரும்பாது, வளைஞ்சி போயிடும். அதக் காட்டத்தான் பள்ளம்."

"இப்ப பள்ளமே இல்ல. இன்னும் நல்லாதான ஓடும்?"

"நல்ல ரோட்டுல எந்த வண்டியும்தான் ஓடும்! அதப் பாக்கவா நாலு வருசமா படிக்கிறேன்?"

கொளஞ்சியப்பன் சிரித்துவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அவள் வேண்டுமென்றே ஒற்றைக் காதோடு பிசைந்த யானைக்கு, அவளைக் கேட்காமலே இன்னொரு காது ஒட்டியவர் இவர்.

"சரி, சொரண்டி எடுத்துடறேன்."

"தொடாதீங்க! மெருகு உருகி உள்ள எறங்கிடிச்சி. சொரண்டினா காந்தமும் சேந்து வந்துடும்."

வெள்ளிக்கிழமை சென்னையில் அளவெடுக்கும் கருவியில் அவள் முறை வருகிறது. தவறவிட்டால் அடுத்த முறை உதவித்தொகை நின்ற பிறகுதான். பையில் இன்னும் சூளைக்குப் போகாத வட்டு ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. பஞ்சைப் பிரித்து அதை எடுத்தாள். ஓரத்தில் பள்ளம் அப்படியே இருந்தது.

கொளஞ்சியப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சூளைப் பக்கம் திரும்பினார். கார்த்திகைக்கான அகல் விளக்குகள் உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. இந்த வட்டுக்கு வேண்டிய சூட்டில் அவை உருகிப்போகும்.

"வெளக்க ஏத்திக்க நாளைக்கு வேப்பூர்காரன் வண்டியோட வந்துடுவான், கண்ணு."

வட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"வெளக்கெல்லாம் வெளிய எடுங்க சித்தப்பா. இன்னைக்கு இது ஒண்ணு மட்டும், இப்பிடியே, மூளியாவே உள்ள போவட்டும்."