கோழிக்குள் நின்றுபோன முட்டை

1

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம், ஜொகூர் ராஜ்யத்தில், பெக்கோக்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், சரித்திரம் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க மகத்தான சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. ஒரு கோழிக்கு முட்டை வரவில்லை.

கதை என் கைக்கு வந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருக்கும் லூயிஸ் என்பவர், பெக்கோக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து சொன்னது இது. டிரெஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர், காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கிறவர். டாக்டருக்கு ஒரு படி கீழே என்பது அவருடைய எண்ணம். அவர் சொன்ன கதையில் அவர் முக்கால் மணி நேரம் இருந்தார். கோழி இரண்டு நிமிஷம் வந்துபோனது. கோழிக்காரிக்குப் பெயரே இல்லை. "யாரோ ஒரு பொம்பள" என்றார். நான் விடாமல் கேட்டபிறகு, "அங்கம்மாவோ என்னவோ" என்றார்.

ஆகவே அங்கம்மா.

2

முதல் ஆரம்பம்: "ரப்பர் மரங்கள் கண்ணீர் வடிக்கும் காலைப்பொழுதில்..."

வேண்டாம். மரம் கண்ணீர் வடிக்கவில்லை. பால் வடித்தது. அங்கம்மா அதை வாளியில் ஊற்றிக்கொண்டு போய் நிறுத்துப் போட்டாள்.

இரண்டாம் ஆரம்பம்: "பெண்குலத்தின் பொறுமைக்கு இலக்கணமாக..." 

இதை முடிக்க எனக்குத் துணிவில்லை.

மூன்றாவது: அங்கம்மா தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில் தனியாக இருந்தாள்.

இது நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்தபோது, தினமும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுப் புத்தகத்தில் அவள் புருஷன் பெயரை அடித்தார்கள், அவள் பெயரை விட்டுவைத்தார்கள். "நான் முன்னால ஊருக்குப் போயி எடம் பாத்துட்டுக் கடுதாசி போடுறேன். நீ அப்புறம் கப்பல் ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன்

(இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். கடுதாசி வரவில்லை என்று சொல்ல ஒரு பத்தி எதற்கு?)

மிச்சம் இருந்தது ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி. வேலை முடிந்து வந்தால் காலைச் சுற்றும். சோறு பொங்கினால் அடுப்புப் பக்கம் வந்து நிற்கும். "இன்னிக்குக் கங்காணி என்ன சொன்னான் தெரியுமா?" என்று கேட்டால் தலையைச் சாய்த்துப் பார்க்கும். பதில் சொல்லாது. ஆனால் பேச்சு முடியுமுன் எழுந்து போகவும் போகாது. பெரிய மனிதர்கள் பலரிடம் நான் காணாத குணம்.

3

திங்கட்கிழமை கோழி பெட்டியில் உட்கார்ந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்திருக்கவே மறுத்தது. அடை என்று நினைத்தாள் அங்கம்மா.

அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு முட்டை வைத்தால் குஞ்சு பொரிக்கும். லயத்தில் வேறு எவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அடை வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு: கோழியைப் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் தெளிந்துவிடும். அங்கம்மா முக்கினாள். திங்கள் மூன்று தடவை. செவ்வாயும் மூன்று.

ஏன் குஞ்சு பொரிக்க விடவில்லை என்று லூயிஸைக் கேட்டேன். "படிக்காத ஜனங்க" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இனி வருவது என் ஊகம்: அடைக்கோழி இருபத்தொரு நாள் பெட்டியைவிட்டு அதிகம் இறங்காது, யார் காலையும் சுற்றாது. அந்த இருபத்தொரு நாளும் அங்கம்மா யாரிடம் பேசுவாள்?*

* குஞ்சு பொரித்தால் ஒன்று பத்தாகுமே, துணை கூடுமே என்று வாசகர் கேட்கலாம். கேட்கிறவர் தனியாக இருந்து பார்த்தவரல்ல. தனியாக இருப்பவரின் நினைப்பு மூன்று வாரம் தாண்டிப் போகாது. இன்றைய சாயங்காலத்தோடு நின்றுவிடும்.

4

புதன்கிழமை மத்தியானம் கோழி வாலைத் தொங்கவிட்டு, அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. அங்கம்மா அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறை வாசலில் போய் நின்றாள். அங்கே இருப்பவள் கருப்பாயி. இரண்டு வருஷமாக இருவருக்கும் "பைப்புல தண்ணி வந்துருச்சா?" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. சண்டையெல்லாம் கிடையாது. கருப்பாயிக்கு ஐந்து பிள்ளை, அவ்வளவுதான்.

"அக்கா, அடை தெளியவே மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

கருப்பாயி கோழியை வாங்கி அடிவயிற்றைத் தடவினாள்.

"அடைக்கோழின்னா கிட்டப் போனா உறுமும், கொத்தும். இது ஒன்னக் கொத்துச்சாடி?"

"இல்லக்கா."

"அப்புறம் எந்தப் புத்தியில தண்ணில முக்குன? இந்தா, தொட்டுப் பாரு. கல்லாட்டம் நிக்குது முட்டை. வெளிய வர வழியில்லாம கெடக்கு. நீ பச்சத் தண்ணில போட்டு இன்னும் இறுக்கிட்ட."

அங்கம்மா தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"நானே கொன்னுட்டேனாக்கா?"

"இன்னும் சாவலடி. போயி வெந்நி வை. வெரலு பொறுக்கற சூடு போதும். கொழம்பு வச்சிராத."

5

இங்கே லூயிஸ் வருகிறார். அவரைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் விளக்கெண்ணெய்க்கு வழியில்லை.

லயத்தைப் பார்வையிட வந்தவர் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக, கழுத்தில் குழாயோடு அங்கம்மாவின் அறைக்குள் நுழைந்தார்.

"வெலகுங்க, வெலகுங்க! காத்து வரட்டும். என்ன கேஸ்?"

"கோழிங்கய்யா."

ஒரு விநாடிதான் தயங்கினார். பிறகு குழாயைக் கோழியின் விலாவில் வைத்துக் கண்ணை மூடினார்.

"ஹார்ட் ஓடுது."

"அதான் முழிச்சு முழிச்சு ஒங்களப் பாக்குதேய்யா," என்றாள் கருப்பாயி. "அதுக்கெதுக்குக் கொழா?"

வயிற்றை அழுத்தி முட்டையை வெளியே தள்ளிவிடலாம் என்று லூயிஸ் தீர்ப்புச் சொல்லிக் கோட்டுக் கையை மடக்கினார். அங்கம்மா கோழியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாங்கய்யா. உள்ளயே ஒடஞ்சா செத்துரும்."

"நான் டிரெஸ்ஸரா, நீ டிரெஸ்ஸரா?"

"நீங்கதாங்கய்யா. ஒங்க வெளக்கெண்ண மட்டும் குடுங்க. அது போதும்."

(லூயிஸ் சொன்ன கதையில் இந்த இடம் இல்லை. அதில் அவரே எண்ணெய் வைத்தியம் என்று தீர்மானிக்கிறார். நான் அங்கம்மா பக்கம் சாய்ந்துவிட்டேன்.)

அகலமான தகரத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கோழியை வயிறு முங்க உட்காரவைத்து, அங்கம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கருப்பாயி சுண்டுவிரலில் எண்ணெயைத் தொட்டு, முட்டை வரும் வழியில் மெதுவாகத் தடவினாள். இனிமேல் காத்திருக்கவேண்டியதுதான்.

சேதி பரவி ஆட்கள் வந்தார்கள். கோழிக்குப் பிரசவம் பார்ப்பது தினமும் நடக்கிற காரியமா? "அலமாக், டிரெஸ்ஸரே வந்துட்டாரா!" என்று மலாய்க்காரர் மாதிரி வியந்துகொண்டு ஒருத்தி எட்டிப் பார்த்தாள், அப்படியே உள்ளே வந்தாள். கருப்பாயி பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரோ கேட்காமலே கோப்பி கலக்கினார்கள். அந்த அறையில் இருந்தது ஒரே குவளை. மற்ற அறைகளிலிருந்து குவளைகள் வந்தன.

"ஒம் புருஷங்கிட்டேருந்து கடுதாசி கிடுதாசி வந்துச்சா?" என்று கேட்டாள் வந்தவள்.

"வரும்," என்றாள் அங்கம்மா.

கருப்பாயி கோப்பியை ஊதினாள்.

"எம் புருஷன் இங்கனயே கெடக்கான். அவன் என்னா, வாயத் தொறந்து பேசிக் கிழிச்சிட்டானா?"

எல்லாரும் சிரித்தார்கள். லூயிஸ்கூட. அங்கம்மா, கோழி அசையாதபடி கையை இறுக்காமல் வைத்துக்கொண்டு, சிரித்தாள்.

6

முடிவு, ஒன்று: கோழி சாகிறது. உருக்கமான முடிவு, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். கருப்பாயி அங்கம்மாவின் தோளில் கை வைப்பாள். ஒருத்தி சோறு கொண்டுவருவாள். இருட்டும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

முடிவு, இரண்டு: கோழி பிழைக்கிறது. ஆரவாரம். லூயிஸ் தொப்பியை மாட்டுவார். கருப்பாயிக்குத் தன் பிள்ளைகள் நினைவுக்கு வரும். குவளைகள்

நான் திணறுவது இங்கேதான். அங்கம்மாவுக்குக் கோழி வேண்டும். இந்த அறை நிறைந்த சத்தமும் வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் ஆற ஆற வெந்நீர் சேர்க்கிறார்கள். அங்கம்மாவின் உள்ளங்கை கோழியின் வயிற்றுக்கடியில் இருக்கிறது. அங்கே ஏதோ மெல்ல நழுவி இறங்குகிறது. அவளுக்கு மட்டும்தான் அது தெரியும். நிமிர்ந்து எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்க்கிறாள். சொல்லவில்லை.

வாசகரே, பேனாவை இனி நீங்கள் பிடியுங்கள். அவளைச் சொல்லவைப்பதும், இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கவிடுவதும் உங்கள் தயவு. முடிவில்லாமல் விட்டாலும் நான் கோபிக்கமாட்டேன்.

மூன்றே முக்காலுக்கு முட்டை வந்தது. நாலு மணிக்கு அறையில் ஆள் இல்லை.