பெட்டிக்குப் பின்னால் வரும் காற்று

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். முன்னறைக்கு வந்து, மேசைக்கு அடியில் இருந்த கணினிப் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து எண்களைப் பார்த்தான். நாற்பத்து மூன்று, முப்பத்தொன்பது, முப்பத்து நாலு, இருபத்தேழு. முதல் குமிழைக் கொஞ்சம் திருகினான். எழுந்தான். மாமியார் கொடுத்த டீயைக் குடித்தான். குளித்தான். சட்டை, பேன்ட், சாக்ஸ். சாக்ஸ் வெதுவெதுப்பாக இருந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடித்துக் குடிநீர் ஆய்வுக்கூடத்துக்குப் போனான். மாலை வரை பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைச் சோதித்தான்.

நான்கு மாதமாக இப்படித்தான்.

பெட்டி அவன் மனைவியுடையது. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போலப் படமாக்கித் தருவது அவள் தொழில். ஒரு படம் முழுசாக வர ஏழெட்டு மணி நேரம் கணினி மூச்சு வாங்கும். சூடு தாங்காமல் இரண்டு முறை பாதியில் நின்றுபோனது. மூன்றாம் முறை நிற்பதற்குள் அவள் ஒரு ஃபேன் கன்ட்ரோலர் வாங்கி, சி.டி. போடும் இடத்தைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டினாள். நான்கு விசிறிகளுக்கு நான்கு குமிழ்கள். நடுவே நீல வெளிச்சத்தில், சூட்டைக் காட்டும் நான்கு எண்கள். எதுவாவது எழுபதைத் தொட்டால் கத்தும்படி வைத்தாள்.

எண்களுக்கு நான்கு மெல்லிய கம்பிகள், நுனியில் சென்சார். ஒன்றை ப்ராசஸர் ஓரத்தில் ஒட்டினாள், ஒன்றை கிராஃபிக்ஸ் கார்டில், ஒன்றை ஹார்ட் டிஸ்கில். நான்காவது மிஞ்சியது. அதை முன்பக்கத் துவாரம் வழியாக வெளியே இழுத்துத் தொங்கவிட்டாள். டம்ளரில் ஒட்டி டீயின் சூட்டைப் பார்ப்பாள். ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்து, கம்பியை அவன் அக்குளுக்குள் செருகினாள். முப்பத்தெட்டரை காட்டியது. "உள்ள ஒண்ணுமே ஓடலையே, அப்புறம் எப்படிடா இவ்ளோ சூடு?" என்று அவன் தலையில் தட்டிவிட்டு மாத்திரை எடுக்கப் போனாள்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒரு வீட்டுப் படத்தை ஓடவிட்டிருந்தாள். பத்து மணிக்குத் தலை வலிக்கிறது என்றாள். பத்தரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் மதியம் போய்விட்டாள். முப்பத்தொரு வயது.

அவன் வீடு திரும்பியபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. படம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். திரையைப் போட்டுப் பார்க்கவில்லை. பெட்டியை அணைக்கவும் இல்லை. அவள் போட்ட சுவிட்ச். அவள் தொடங்கியவற்றில் இன்னும் நிற்காமல் இருப்பது அது ஒன்றுதான். அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதை அவன் தன் வேலையாக எடுத்துக்கொண்டான். கரண்ட் போனால் பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும். அந்த முக்கால் மணி நேரமும் பெட்டியை விட்டு நகரமாட்டான்.

மாமியார் பத்து நாளுக்கென்று வந்தவர், இன்னும் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா என்று கேட்டிருந்தார். அவர் நின்ற நிலையைப் பார்த்தால் அந்த இடத்திலேயே சரிந்துவிடுவார் போலிருந்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். "என்னைப் பாத்துக்கச் சொல்லி உங்ககிட்ட சொல்லச் சொன்னா" என்றான். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அவள் சொன்னது அதுவல்ல. அவரோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊரில் இருந்த தையல் கடையின் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு, ஒரு துணிப்பையும் ஒரு தலையணையுமாக வந்து முன்னறையில் பாய் விரித்தார். அந்தப் பொய்க்காகத்தான் ஒவ்வொரு டம்ளர் டீயையும் அவர் நீட்டுகிறார் என்று அவனுக்குத் தோன்றும். என்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவான்.

மழை பிடித்துக்கொண்டது. அதோடு எண்களும் ஏறத் தொடங்கின. முதல் நாள் ஐம்பத்திரண்டு. அப்புறம் ஐம்பத்தெட்டு. ஒரு வாரத்தில் அறுபத்து மூன்று. வெளியே ஸ்வெட்டர் போடும் குளிர். இது என்ன கூத்து என்று அவனுக்குப் புரியவில்லை. நான்கு குமிழ்களையும் முழுசாகத் திருகினான். முன்னறை மாவு மில் ஆயிற்று. மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை, இது எந்த ஊருக்குக் கிளம்புது, நானும் துணி எடுத்து வெச்சுக்கட்டுமா என்று கேட்டார். அவன் சிரிக்கவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

கீழ்த்தளத்தில் கணினி பழுதுபார்ப்பவரை ஒரு மாலை அழைத்துவந்தான். எதைக் கொடுத்தாலும் முதலில் திறந்துவிடுவார் என்பதால் அவன் மனைவி அவருக்கு சர்ஜன் என்று பேர் வைத்திருந்தாள். சர்ஜன் எண்களைப் பார்த்தார். நாற்பத்து நாலு.

"நல்லாத்தானே இருக்கு. உங்களுக்குத்தான் சூடு ஏறிப்போச்சு போல."

காலையில் ஏறுகிறது, மாலைக்குள் இறங்கிவிடுகிறது என்று அவன் சொன்னான். ஆபீஸுக்குக் கிளம்ப அதுக்கும் பயமா இருக்கும் சார் என்றார் சர்ஜன். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, ஆஃப் பண்ணிக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் தூசி தட்டி, ப்ராசஸருக்குச் சூடு கடத்தும் புதுப் பசை வைத்துத் தருவதாகச் சொன்னார். ஆஃப் பண்ண முடியாது என்றான் அவன். ஆஃப் பண்ணாமலே செய்ய முடியுமா என்று கேட்டான்.

"ஓடற பஸ்ஸுக்கு டயர் மாத்தச் சொல்றீங்க" என்றார் சர்ஜன். ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். பக்கவாட்டுத் தகட்டை மட்டும் கழற்றி, ஓடும் விசிறிகளில் விரல் படாமல், சின்னத் தூரிகையால் அரை மணி நேரம் தூசி எடுத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். மறுநாள் காலை அறுபத்தாறு.

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் ஞாயிறு. விடியும் நேரத்தில் பெட்டி கத்தியது.

பாயில் இருந்த மாமியாரை ஏறக்குறைய தாண்டிக்கொண்டு ஓடினான். எழுபத்தொன்று. குமிழ்கள் எல்லாம் ஏற்கெனவே கடைசிவரை திருகியிருந்தன. இன்னும் இருபது ஏறினால் தானாக அணைந்துவிடும். பெட்டியின் முன்னால் கை வைத்தான், காற்று உள்ளே போகிறது. அப்படியானால் வெளியே வரவில்லை. மேசையை இழுத்தான். பின்னால் எட்டிப் பார்த்தான்.

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தையல் நூல் கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு பனியன், ஒரு துண்டு, எல்லாம் கிளிப் போட்டு, ஓரம் நீவி, வரிசையாக. எல்லாமே அவனுடையவை. துண்டு காற்று வெளியேறும் சல்லடையை முழுசாக மூடியிருந்தது. ஒரு சாக்ஸின் நூல் பிரிந்து பின்விசிறிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு, விசிறி நின்றுபோயிருந்தது.

அவன் துண்டை இழுத்தான். பனியனை, சாக்ஸ்களை உருவினான். நூலை அறுத்தான். விசிறி ஒருமுறை விக்கி, சுற்றத் தொடங்கியது. சூடான காற்று அவன் முகத்தில் அடித்தது. கத்தல் நின்றது. எழுபது. அறுபத்தெட்டு. அறுபத்து நாலு.

மாமியார் பின்னால் நின்றிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

"மொதல்ல சாக்ஸ் மட்டுந்தான் போட்டுட்டு இருந்தேன் மாப்ள. மழைல எதுவுமே காய மாட்டேங்குது. ஈரத்தோட போட்டுட்டுப் போனா உங்களுக்கு உடனே தும்மல் வருது. இதுக்குப் பின்னாடி நல்ல சூடு வருது, சும்மாதான போகுதுன்னு பாத்தேன். நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி எடுத்துருவேன். இன்னைக்குக் கண்ணசந்துட்டேன்."

அவன் கையில் துண்டு இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. இஸ்திரி போட்டது போல இருந்தது. நான்கு மாதமாகத் தன் கால் ஏன் வெதுவெதுப்பாக இருந்தது என்று இப்போது தெரிந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

"எப்படி?"

"என்னைப் பாத்துக்கச் சொல்லி. நானாத்தான் சொன்னேன். நீங்க கடைக்குப் போங்க. எனக்காக இங்க கெடக்க வேண்டாம்."

மாமியார் பனியனை வாங்கி மடித்தார். சாக்ஸை ஜோடி சேர்த்துச் சுருட்டினார். அறுந்த சாக்ஸின் நுனியை வெளிச்சத்தில் பிடித்து, தைக்க முடியுமா என்று பார்த்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ள. எம்பொண்ணு வாயில என்னைக்கு அந்த மாதிரி நல்ல வார்த்தை வந்திருக்கு? அம்மான்னு கூப்பிடறதே ஏதாவது திட்டறதுக்குத்தான். அவ சொன்னதுக்காகவா நான் வந்தேன்? நீங்க கெடந்த கெடப்பு அப்படி." சாக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டார். "சரி. நெசமா என்னதான் சொன்னா?"

எண் ஐம்பதுக்கு வந்திருந்தது. இனிப் பயமில்லை. இப்படியே இன்னும் நான்கு மாதம் ஓடும். நான்கு வருஷம்கூட ஓடும்.

"ஸ்ட்ரெச்சர்ல வெச்சு வாசலுக்குத் தூக்கிட்டு வந்தாங்க. கண்ண மூடியிருந்தா. மெஷின ஆஃப் பண்ணிட்டியான்னு கேட்டா." அவன் கையிலிருந்த துண்டை மடித்தான். "அந்த நேரத்துல எனக்கு எங்க... பண்ணிட்டேன்னு சொன்னேன்."

மாமியார் பெட்டியைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மருமகனைப் பார்த்தார். அவன் பக்கத்தில், முட்டி மடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தார்.

அவன் கை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. விடாமல் அழுத்திப் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நீல எண்கள் அணைந்தன. விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. நூல் மாட்டிய பின்விசிறி கடைசியாக நின்றது. முன்னறையில் இவ்வளவு சத்தங்கள் உண்டென்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. சுவர்க் கடிகாரம். குழாய்ச் சொட்டு. வெளியே மழை. பக்கத்தில் மாமியாரின் மூச்சு.

அறுந்த சாக்ஸை விரலால் நீவிக்கொண்டே மாமியார் கேட்டார், நீங்க பண்ணிட்டேன்னு சொன்னதும் அவ சும்மாவா இருந்தா என்று. அவன் இல்லை என்று தலையாட்டினான். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்:

"பொய் சொல்லாத தடியா. இங்க வரைக்கும் கேக்குது."